நஞ்சுக்கொடி மூச்சுத் திணறுகிறதா?

“கொழந்தைக்குக் காத்துப் பத்தலையாம்” என்ற வாசகத்தை வளையமாதேவியிலோ, பக்கத்துச் சேத்தியாத்தோப்பிலோ, நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலோ கேட்காதவர் இரார். எட்டாம் மாதத்து ஸ்கேன் தாளோடு வீடு திரும்பும் கர்ப்பிணியின் குழந்தை எடை குறைந்திருக்கிறது என்றாலும் சரி, அவளுக்கே கால் வீங்கிப் பிரஷர் ஏறி, ‘உப்பு’ என்று நம் மக்கள் சொல்லும் புரதம் சிறுநீரில் இறங்கத் தொடங்கியிருக்கிறது என்றாலும் சரி, திண்ணையில் இருக்கும் மூதாட்டி சொல்லும் காரணம் இது ஒன்றுதான். மருத்துவர் அதையே ‘நஞ்சுக்கொடிக்கு ஆக்சிஜன் போதவில்லை’ என்கிறார். மருத்துவ மாணவர்களின் பாடநூல் அதற்குக் கிரேக்க லத்தீன் பெயர் சூட்டி ஓர் அத்தியாயமே ஒதுக்குகிறது. திண்ணையும் மருத்துவமனையும் கல்லூரியும் ஒரே அபிப்பிராயத்தில் ஒன்றுபடுவது அபூர்வமான காட்சியாதலால், அந்த அபிப்பிராயம் உண்மையாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். அது பாதி உண்மை என்பதும், மற்றப் பாதி தாய்மார்களுக்குத் தீங்காகவே முடிந்திருக்கிறது என்பதும் என் கட்சி.

முதலில் ஒரு வரம்பு கட்டிக்கொள்கிறேன். பிரசவ வேளையில் தொப்புள்கொடி நசுங்கினாலும், நஞ்சு முன்கூட்டியே கருப்பைச் சுவரினின்று பெயர்ந்துவிட்டாலும், சில நிமிஷங்களில் குழந்தை பிராணவாயு இன்றி இறக்கும். இதை மறுப்பவன் மூடன். நான் பேசுவது மாதக்கணக்கில் மெல்ல மூளும் இரண்டு பிணிகளைப் பற்றி: ஒன்று பேறுகால இரத்த அழுத்த நோய், முற்றினால் வலிப்பில் கொண்டுபோய் விடுவது, மற்றொன்று கருவின் வளர்ச்சிக் குறைவு. இவ்விரண்டிலும் நஞ்சின் உயிரணுக்கள் பிராணவாயுவுக்கு ஏங்கித் தவித்து, அந்தத் தவிப்பிலேயே நோயை உண்டாக்குகின்றன என்பது சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்தின் வம்சாவளி கௌரவமானது. 1914இல் ஜேம்ஸ் யங் என்பவர் நஞ்சில் இரத்தமின்றிச் செத்த திட்டுகளைக் கண்டு, வலிப்புக்கு அவையே மூலம் என்றார். 1939இல் அமெரிக்கரான எர்னெஸ்ட் பேஜ், கர்ப்பப்பைக்கு இரத்தம் குறைவதே நோயின் வித்து என்று எழுதினார். பிறகு 1967இல் புரோசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் ஆகிய மூவர், கருப்பைச் சுவரில் சுருள்சுருளாக ஓடும் தமனிகள் நல்ல கர்ப்பத்தில் தசையை இழந்து வாய் அகன்று தளர்ந்துவிடுவதைக் கண்டார்கள். நோயுற்ற கர்ப்பத்தில் அந்தத் தளர்ச்சி நேராமல் தமனிகள் குறுகியே கிடக்கின்றன என்பது அதைத் தொடர்ந்து வந்த ஆராய்ச்சிகளில் தெளிந்தது. குழாய் குறுகினால் இரத்தம் குறையும், இரத்தம் குறைந்தால் பிராணவாயு குறையும், பிராணவாயு குறைந்தால் உயிரணு நோகும் என்று படிப்படியாக இறங்கிவரும் இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று கேட்பார்கள். குழாயைக் கண்டவர்கள் பிராணவாயுவை அளக்கவில்லை. ஓட்டை அங்கே இருக்கிறது.

அளந்தவர்கள் என்ன கண்டார்கள்? ஜோனியோ, பர்ட்டன் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகளின்படி, எட்டாம் வாரத்தில் நஞ்சின் விரல்கள் போன்ற துளிர்களைச் சூழ்ந்த வெளியில் பிராணவாயுவின் அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே; பன்னிரண்டாம் வாரத்தில்தான் அது 50ஐத் தாண்டுகிறது. கடல்மட்டத்தை ஒட்டிய வளையமாதேவியில் நாம் உள்ளிழுக்கும் காற்றில் அதே அழுத்தம் ஏறத்தாழ 160; தாயின் தமனி இரத்தத்தில் 100க்குச் சற்றுக் குறைவு. அதாவது ஒரு மனிதப் பிறவியின் அவயவங்கள் அத்தனையும் உருவெடுக்கும் அந்த முதல் பத்து வாரங்களை, எவரெஸ்ட் சிகரத்தில் நிற்பவன் மூச்சுக்குத் தவிப்பதற்கு ஒப்பான ஒரு நிலையில்தான் நாம் எல்லோரும் கழித்தோம். அந்நாளில் நஞ்சுக்குத் தாயின் இரத்தமே வருவதில்லை. நஞ்சின் உயிரணுக்களே கூட்டமாகச் சென்று சுருள் தமனிகளின் வாயை மதகுப் பலகைபோல் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கருவுக்கு வேண்டிய சத்தைக் கருப்பையின் சுரப்பிகள் ஊட்டுகின்றன. இது விபத்தன்று. மதகை அடைத்தவை அந்த உயிரணுக்களே என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஏன் அடைக்க வேண்டும்? பிராணவாயு உயிரை வளர்ப்பது போலவே எரிக்கவும் செய்யும் வஸ்து. உருவாகும் கருவின் மென்மையான உயிரணுக்களுக்கு அதன் சுடர் ஆகாது. செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் கருவை வைத்து வளர்க்கும் பெட்டியில் இப்போது காற்றின் 21 சதவீதப் பிராணவாயுவை 5 சதவீதமாகக் குறைத்து வைப்பதும் இதனாலேதான். மதகு முன்கூட்டித் திறந்துகொண்ட கர்ப்பங்கள் பல கலைந்துபோகின்றன என்று ஜோனியோவும் பர்ட்டனும் காட்டியிருக்கிறார்கள். இன்னொரு சாட்சியம் ஒவ்வொரு பிரசவத்திலும் நம் கண்முன் வந்து விழுகிறது. தொடக்கத்தில் கருவைச் சூழ எல்லாத் திசையிலும் முளைக்கும் நஞ்சின் துளிர்கள், ஓரத்தில் மட்டும் தேய்ந்து மறைந்து வழவழப்பான பனிக்குடச் சவ்வாகிவிடுகின்றன. நடுவில் இருப்பவையே வட்டமான நஞ்சாக எஞ்சுகின்றன. காரணம், தாயின் இரத்தம் முதலில் புகுவது ஓரத்தில். அங்கே பிராணவாயு முந்தி வந்துவிட்டதால் ஓரத்துத் துளிர்கள் கருகின. பிராணவாயு வந்த இடம் அழிந்து, தாமதித்த இடம் நஞ்சாயிற்று.

இத்தனைக்கும் பிறகு, ‘குறைந்த பிராணவாயுவில் வைத்தபோது நஞ்சின் உயிரணு இப்படி நோயுற்றது’ என்று ஆராய்ச்சிச் சாலைகளிலிருந்து வரும் செய்திகளை எப்படி வாசிப்பது? அந்தச் சாலைகளில் பெரும்பாலும் ‘இயல்பு நிலை’ என்று எடுத்துக்கொள்ளப்படுவது அறையின் காற்று. கண்ணாடித் தட்டில் மிதக்கும் உயிரணு, தாயின் உடலில் ஒருநாளும் காணாத அளவுப் பிராணவாயுவில் மூழ்கியிருக்கும்போது அதைச் சுகமாக இருப்பதாகவும், அதன் சொந்த வீட்டுக்கு அருகான அளவுக்கு இறக்கும்போது அதை வாடுவதாகவும் கணக்கெழுதுவது, குளத்து மீனைத் தரையில் போட்டுவிட்டு, பின் அதைத் தண்ணீரில் விட்டதும் ‘ஐயோ, மூழ்கிவிட்டது’ என்று பதறுவதை ஒக்கும். ஆஸ்திரியாவில் ஆராய்ச்சி செய்யும் ஹுப்பர்ட்ஸ் இதைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லி வருகிறார். அளவைகள் ஒருபுறம், அநுமானங்கள் ஒருபுறம் என்பது அவர் கட்டுரையின் சாரம். கேட்பார் குறைவு.

இனி வயலுக்கு வருவோம். வளையமாதேவி என்ற பெயர் தமிழ்நாடெங்கும் தெரிய வந்தது 2023 ஜூலை 26 அன்று, நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாயை வெட்ட, நின்ற நெற்பயிரின்மேல் மண்வாரி இயந்திரங்கள் இறங்கிய நாளில். வழக்கு உயர் நீதிமன்றம் போய், ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பாயிற்று. பச்சைப் பயிரை மண் மூடிய அந்தப் படத்தைப் பார்த்துக் கலங்காதவர் இல்லை. நான் அந்த ஊர்ப் பயிரை வேறொரு காரியத்துக்காக இங்கே அழைக்கிறேன். நெல்லைப்போல் பிராணவாயு இல்லாமல் காலம் தள்ளக் கற்ற பயிர் வேறில்லை. சேற்றுக்குள் இருக்கும் அதன் வேருக்குக் காற்று ஏது? ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் ஏறி நாற்று முழுகிவிட்டால், சாதாரண ரகம் மேலே எட்டிப் பார்க்கும் ஆவேசத்தில் தண்டை நீட்டி நீட்டி, சேமித்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து மடிகிறது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்து 2006இல் அடையாளம் காணப்பட்ட சப்-1ஏ என்ற மரபணு உள்ள பயிரோ, வளர்ச்சியை நிறுத்தி, செலவைச் சுருக்கி, சர்க்கரையை நொதிக்கவைத்து அரைவயிற்று ஜீவனம் நடத்தி, இரண்டு வாரம் வரை நீருக்கடியில் மௌனமாக இருந்துவிடுகிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் டெல்டா விவசாயிகளின் பழைய நண்பனான சி.ஆர். 1009 ரகத்தில் அதை ஏற்றிக் கொடுத்திருக்கிறது.

இங்கே விவசாயி அறிந்த ஒரு விஷயத்தை ஆராய்ச்சியாளர் வெகு தாமதமாகத்தான் அறிந்தார். முழுகிய பயிர் நீருக்குள் பச்சையாகவே தெரியும். தண்ணீர் வடிந்து, வெயில் பட்டு, காற்று வீசிய பிறகுதான் அது துவண்டு மஞ்சளாகிச் சாகும். ‘தண்ணி நின்னப்ப நல்லாத்தான் இருந்துது, வடிஞ்சதும் போச்சு’ என்று வரப்பில் நின்று சொல்வார்கள். பிராணவாயு இல்லாதபோது அமைதியாக இருந்த திசுவில், அது திடீரென்று பாய்ந்ததும் எரிப்பு மூளுகிறது. சிறுநீரகத்திலும் இதயத்திலும் மருத்துவர்கள் இதையேதான் கண்டார்கள். இரத்தம் நின்ற வேளையில் மட்டுமன்றி, மீண்டும் பாய்ந்த வேளையிலும் சேதம் நேர்கிறது.

நஞ்சின் கதையும் இதுவே. முன்சொன்ன சுருள் தமனியைத் திரும்பவும் நினைவுகூருங்கள். தசை போய் வாய் அகன்ற தமனியிலிருந்து தாயின் இரத்தம் விநாடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வேகத்தில் சாந்தமாகப் பரவுகிறது. அகலாத தமனியிலிருந்தோ விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில் பீறிடும் என்று 2009இல் பர்ட்டனும் சகாக்களும் கணக்கிட்டார்கள். அகன்ற மதகு நீரைப் பாத்தியில் நிதானமாகப் பரப்பும். குறுகிய மதகிலிருந்து சீறும் நீர் நாற்றைச் சாய்த்து மண்ணை அரிக்கும். போதாக்குறைக்கு, தசை போகாத தமனி சுருங்கி விரியும் தன்மை உள்ளதாகவே இருக்கும். ஒரு நேரம் இறுகும், ஒரு நேரம் தளரும். அதனால் நஞ்சுக்கு வாய்ப்பது வறட்சியன்று, முறை வைத்து வராத முறைப்பாசனம்: இன்று கடைமடை காய்கிறது, நாளை உடைப்பெடுக்கிறது. பிரசவ வலியின் சுருக்கங்களுக்கு ஆளாகாத நஞ்சை எடுத்து, பிராணவாயுவை நிறுத்தியும் மீண்டும் கொடுத்தும் பார்த்த ஆய்வில், நோயுற்ற நஞ்சில் காணப்படும் அதே எரிப்புத் தடயங்கள் தோன்றின. ஹங், ஸ்கெப்பர், பர்ட்டன் மூவர் 2001இல் வெளியிட்டது. இன்னும் வியப்பானது, இத்தாலியரான பார்தி 1992இல் வெளியிட்ட அளவு. வளர்ச்சி குன்றிய கர்ப்பங்களில், கருப்பையை விட்டு வெளியேறும் சிரையின் இரத்தத்தில் பிராணவாயு குறைந்திருக்கும் என்றல்லவா சித்தாந்தப்படி எதிர்பார்க்க வேண்டும்? அது கூடுதலாக இருந்தது. கடைமடையில் தண்ணீர் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளத்தான் பயிருக்குத் திராணி இல்லை.

சரி, உண்மையிலேயே பிராணவாயு குறையும்போது நஞ்சின் உயிரணு என்னதான் செய்கிறது? இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். சுவையான பகுதி இது. முற்றிய நஞ்சைக் கையில் ஏந்தினால் அரைக் கிலோ கனம், ஒரு சாண் அகலம், ஈரல் நிறம்; துளிர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு சிறிய அறையின் தரையை மூடும், சுமார் 12 சதுர மீட்டர். குழந்தைக்கு உணவு கடத்தும் வெறும் குழாய் என்று நாம் நினைக்கும் இது, கருப்பையில் எடுக்கப்படும் பிராணவாயுவில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் தன் சொந்தச் செலவுக்கே வைத்துக்கொள்ளும் ஒரு பெருங்குடும்பி. ஹார்மோன்கள் வடிக்கவும், புரதம் கட்டவும், அமினோ அமிலங்களைத் தாயிடமிருந்து இறைத்துக் குழந்தைக்கு ஊற்றவும் அந்தச் செலவு. பிராணவாயு தாராளமாக உள்ளபோதே இது சர்க்கரையின் ஒரு பகுதியை முழுதும் எரிக்காமல் லாக்டிக் அமிலமாக வெளியே விடும் பழக்கம் உடையது. செம்மறி ஆட்டில் பார்த்தபோது அந்த லாக்டேட்டையே குட்டி உணவாகக் கொள்வது தெரிந்தது. பிராணவாயு குறைந்ததும், எச்.ஐ.எஃப். என்ற புரதம் உயிரணுவுக்குள் தங்கி நின்று ஆணைகளைப் பிறப்பிக்கிறது. அந்தப் புரதத்தின் வழியை விளக்கியதற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமன்சா ஆகியோருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை உள்ளே வரும் வாயில்கள் கூடுகின்றன, அதைச் சிதைக்கும் நொதிகள் பெருகுகின்றன, மைட்டோகாண்ட்ரியா என்ற உலைக்குள் எரிபொருள் போகும் வாயிலில் ஒரு பூட்டு விழுகிறது, மைக்ரோ ஆர்.என்.ஏ. 210 என்ற சிறு துணுக்கு அந்த உலையின் இரும்பு உறுப்புகளையே குறைத்துவிடுகிறது. ஒரு சர்க்கரை மூலக்கூறிலிருந்து முழு எரிப்பில் 30 அளவில் கிடைக்கும் சக்திக் காசுகள், இந்த வழியில் 2 மட்டுமே கிடைக்கும். உயிரணு இந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்கிறது.

யாருக்காக? பொலிவியாவில் 3,600 மீட்டர் உயரத்து லா பாஸிலும் 400 மீட்டர் உயரத்துச் சான்டா குரூஸிலும் பிறந்த குழந்தைகளையும் அவர்களின் தொப்புள்கொடி இரத்தத்தையும் ஸமூடியோவும் சகாக்களும் ஒப்பிட்டு 2010இல் எழுதினார்கள். மலை உச்சிக் குழந்தைக்குக் கிடைத்த பிராணவாயு, எடைக்கு எடை பார்த்தால், சமவெளிக் குழந்தைக்குக் கிடைத்ததற்குக் குறையவில்லை. குறைந்தது சர்க்கரை. நஞ்சு தன் பங்கைப் பிராணவாயு இல்லாத வழியில் சமாளித்து, மிச்சப்பட்ட பிராணவாயுவைக் குழந்தைக்கு விட்டது; அதற்கு விலையாகக் குழந்தையின் சர்க்கரையில் கை வைத்தது. நெய் வாங்க அரிசியை விற்கும் குடும்பம் போல என்று சொல்லலாம். குழந்தை சிறுத்தது மூச்சு முட்டியதால் அன்று. இலையில் சோறு குறைந்ததால்.

எதிர்க்கட்சியாரின் கையில் ஒரு துருப்பு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கொலராடோ மலைகளில் 1,260 மீட்டர் உயரத்தில் 3 சதவீதமாக இருந்த பேறுகால அழுத்த நோய் 3,100 மீட்டரில் 16 சதவீதமாக ஏறியது என்று 1999இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் குழந்தையின் எடை சுமார் 100 கிராம் குறைகிறது என்பதும் உண்மை. ஆனால் அதே மலையில் மீதி 84 சதவீதத்தினர் நோயின்றிப் பெற்றார்களே, அவர்கள் சுவாசித்தது வேறு காற்றா? பல்லாயிரம் ஆண்டாக உயரத்தில் வாழும் திபெத்தியரிடமும் ஆண்டிஸ் மக்களிடமும் எடைக்குறைவு மட்டாக இருக்கிறதே, அதுவும் வேறு காற்றா? மலையேறும் கர்ப்பத்தில் கருப்பைத் தமனி போதிய அளவு விரிவதில்லை என்பதுதான் அளந்து கண்டது. பழியை மறுபடியும் தமனியின்மேல் சுமத்த வேண்டியிருக்கிறது.

என் கையிலும் துருப்புகள் உண்டு. புகைபிடிக்கும் பெண்களின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறிப் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது; எனினும் அவர்களிடம் இந்த அழுத்த நோய் மற்றவர்களைவிடக் குறைவு, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. (இதைப் படித்துவிட்டு யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம்; அவர்களின் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கின்றன, கருச்சிதைவும் அகாலப் பிரசவமும் கூடுகின்றன.) இந்தியாவில் கர்ப்பிணிகளுள் இரத்தச்சோகை உள்ளவர்கள் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 52.2 சதவீதம். சோகை என்றால் பிராணவாயுவைச் சுமக்கும் கூலிகள் குறைவு என்று பொருள். சித்தாந்தம் சரியாக இருந்தால் நாட்டின் பாதிக் கர்ப்பிணிகளுக்குப் பிரஷர் ஏறியிருக்க வேண்டும். உலகெங்கும் அந்த நோய் வருவதோ நூற்றுக்கு இரண்டு முதல் எட்டுப் பேருக்கு. சோகைத் தாயின் நஞ்சு, குழந்தையின் எடைக்குப் பார்த்தால், பெரிதாக வளர்கிறது. நுண்குழாய்களைக் கூடுதலாகக் கிளைக்கிறது. மூச்சுத் திணறுபவன் புதுக் கிணறு வெட்டுவானா?

மூன்றாவது துருப்பு நம்மவர் ஒருவரின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து பாஸ்டன் சென்ற அனந்த் கருமாஞ்சி, 2003இல் ஷாரன் மேனார்ட் முதலியவர்களுடன் சேர்ந்து, நோயுற்ற நஞ்சு எஸ்.எஃப்.எல்.டி.-1 என்ற புரதத்தைத் தாயின் இரத்தத்தில் மிதமிஞ்சிக் கொட்டுகிறது என்றும், அது இரத்தக் குழாய்களைப் பராமரிக்கும் நல்ல புரதங்களைப் பிடித்து முடக்கிவிடுவதாலேயே அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் தோன்றுகின்றன என்றும் நிறுவினார். அந்தப் புரதத்தை அளக்கும் சோதனையை 2023இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அங்கீகரித்தது. பிராணவாயுக் குறைவும் அந்தப் புரதத்தைக் கூட்டும் என்பது தட்டில் வளர்த்த உயிரணுவில் தெரிந்ததே. ஆனால் 2008இல் அதே கூட்டத்தார் இரட்டைக் கர்ப்பங்களை ஆராய்ந்தபோது, புரதம் கூடியிருந்தது, எச்.ஐ.எஃப். கூடவில்லை, நஞ்சு பெரியது, ஆகவே அது கொட்டுவதும் அதிகம், அவ்வளவே. குழந்தைக்கு 13ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் கர்ப்பங்களிலும் இந்த நோய் மிகுதி. அந்தப் புரதத்துக்கான மரபணு அந்தக் குரோமோசோமில்தான் இருக்கிறது. காற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

‘எது காரணமாயிருந்தால் என்ன, வியாதி வியாதிதானே’ என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். காரணம் தவறினால் மருந்து தவறும். நஞ்சுக்கு இரத்தம் போதவில்லை, ஆகவே இரத்தக் குழாயை விரிப்போம் என்று சில்டெனாஃபில் மருந்தை வளர்ச்சி குன்றிய கர்ப்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்துச் சோதனை 2018 ஜூலையில் நடுவழியில் நிறுத்தப்பட்டது. மருந்து பெற்ற தாய்மாரின் சிசுக்களுள் 11 பேர் நுரையீரல் கோளாறால் இறந்ததாக அன்று அறிவிக்கப்பட்டது. பிரசவ அறையில் குழந்தையின் நாடித்துடிப்புச் சற்றுத் தடுமாறியதும் தாயின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியைக் கவிழ்ப்பது இன்றும் வழக்கம். 2018இல் நந்தினி ரகுராமனும் சகாக்களும் அமெரிக்காவில் நடத்திய சோதனையில், முகமூடி அணிந்த தாய்மாரின் குழந்தைகளுக்கும் அறைக்காற்றையே சுவாசித்தவர்களின் குழந்தைகளுக்கும் தொப்புள்கொடி லாக்டேட்டில் வித்தியாசம் இல்லை; 2022இல் அந்நாட்டு மகப்பேறு மருத்துவர் சங்கம், தாயின் பிராணவாயு அளவு இயல்பாயிருக்கும்போது வழக்கமாக முகமூடி வைப்பதைப் பரிந்துரைக்கவில்லை. என் கட்சிக்கும் அடி விழுந்ததுண்டு. எரிப்பே கேடு என்றால் எரிப்பை அணைக்கும் வைட்டமின் சி, ஈ கொடுத்தால் தீருமே என்று 2,410 பெண்களிடம் பார்த்தார்கள். 2006இல் முடிவு வந்தது: நோய் குறையவில்லை, எடை குறைந்த குழந்தைகள் சற்றுக் கூடுதல். தமனியின் வாய் குறுகி அமைந்துவிட்ட பிறகு, நாலாம் மாதத்துக்கு மேல் மாத்திரை கொடுத்து என்ன செய்வது என்று நான் சமாதானம் சொல்லக்கூடும்; அது சமாதானம் மட்டுமே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நெய்வேலிக்காரர் ஒருவர் இந்நேரம் கோபத்தோடு எழுந்திருப்பார். ‘புகைபோக்கிகளின் நிழலில் இருக்கிறோம், காற்றுப் பத்தலை என்பதையும் பொய் என்கிறாயா?’ புகைபோக்கியின் கீழும் காற்றில் பிராணவாயு 21 சதவீதத்துக்குச் சற்றேதான் குறைவு. புகையின் தீமை அது பிராணவாயுவைத் தின்றுவிடுவதில் இல்லை, நுண்துகள்களில் இருக்கிறது. 2019இல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் நஞ்சின் குழந்தைப்பக்கத்திலேயே கரித்துகளைக் கண்டார்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுத் தாய்மார் 1,285 பேரைத் தொடர்ந்து, நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பெடை 4 கிராம் குறைவதாக 2018இல் எழுதினார்கள். அதே குழு பங்கேற்ற மற்றொரு பெருஞ்சோதனையில், தமிழ்நாடு, கௌதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களில் விறகடுப்புக்குப் பதில் எரிவாயு அடுப்பு கொடுத்தும் எடையில் நம்பத்தக்க வித்தியாசம் வரவில்லை, சுமார் 20 கிராம்தான். புகையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவே நானும் விரும்புகிறேன். செய்யாத கொலைக்கு வழக்குப் போட்டால் செய்த கொலையிலிருந்தும் அது தப்பிவிடும்.

ஆகவே என் தீர்ப்பு இது: நஞ்சு, பிராணவாயுக் குறைவில் பிறந்து அதில் வாழப் பழகிய உறுப்பு, குறைவை அது தாங்கும், விலை கொடுத்துத் தாங்கும், தாங்காதது தாறுமாறான வரத்தை. அந்தத் தாறுமாறு விதைக்கப்படுவது மூன்றாம் நாலாம் மாதத்தில். எட்டாம் மாதத்துத் தாளைப் பார்த்துப் பதறுவது அறுவடைக்குப் பின் நாற்றைத் தேடுவது. ஆபத்துள்ள தாய்மாரைப் பதினொன்று முதல் பதினான்காம் வாரத்துக்குள் கண்டுபிடித்து, அப்போதிருந்தே இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்த 2017 சோதனையில், முப்பத்தேழு வாரத்துக்கு முன் வரும் அழுத்த நோய் 62 சதவீதம் குறைந்தது. மாத்திரையின் விலை ஒரு டீயின் விலையைவிடக் குறைவு. முதல் குழந்தையாகவோ, இரட்டையாகவோ, முன்பே பிரஷர் வந்தவளாகவோ இருந்தால், வயிறு தெரியும் முன்னரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அழுத்தம் பார்த்து, அந்த மாத்திரை தனக்கு உகந்ததா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இன்னும் ஒரு வேண்டுகோள். சிறுவயதில், பசு ஈன்றதும் விழும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரக் கிளையில் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதை நாய் தின்றுவிடக் கூடாது என்பதில் வீட்டாருக்கு இருந்த கவனத்தில் ஒரு மரியாதை இருந்தது. மனிதத் தாயின் நஞ்சு இன்று மஞ்சள் பையில் விழுந்து மருத்துவக் கழிவோடு போகிறது. குழந்தையை நிறுக்கும் தராசு பக்கத்திலேயே இருக்கிறது. பை கட்டும் முன் நஞ்சையும் அதில் ஒருமுறை வைத்து, எத்தனை கிராம் என்று தாயின் கையேட்டில் எழுதித் தரும்படி, அடுத்த பிரசவத்துக்குப் போகும் வீட்டார் கேட்கட்டும்.